அறிதுயில் சிகிச்சையும் தாய்மொழியும்

வயிற்று உபாதையுடன் மருத்துவமனைக்கு வருவோருள் ஒரு பகுதியினருக்கு எத்தனை பரிசோதனைகள் செய்தாலும் குறை ஒன்றும் புலப்படுவதில்லை. இரத்தமும் மலமும் சோதிக்கப்படுகின்றன. வயிற்றுக்குள் குழாய் செலுத்தியும் பார்க்கப்படுகிறது. புண்ணோ கட்டியோ கிருமியோ காணப்படுவதில்லை. "உமக்கு நோய் ஒன்றும் இல்லை, எல்லாம் மனப் பிரமை" என்று கூறி அவர்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாக இருந்து வருகிறது. வீடு திரும்பிய பின்னரும் வலியும் உப்புசமும் பேதியும் மலச்சிக்கலும் அவர்களை விட்டபாடில்லை. மாத்திரையிலும் பத்தியத்திலும் மந்திரித்தலிலும் ஆண்டுகள் பல கழிகின்றன.

இவர்கள் கூறும் வலி மெய்யான வலியே என்பதை இன்றைய மருத்துவம் ஐயமின்றி ஏற்றுள்ளது. ஜீரண உறுப்புகளின் அமைப்பில் குறையின்றி, அவற்றுக்கும் மூளைக்கும் இடையே நடைபெறும் செய்திப் போக்குவரத்தில் குறை நேர்வதால் இவை உண்டாகின்றன. இத்துறையில் உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கணத்தை வகுத்துவரும் ரோம் அறக்கட்டளை, 2016-இல் இவற்றுக்குக் 'குடல்-மூளைத் தொடர்புக் கோளாறுகள்' என்று பெயரிட்டது. எரிச்சல் குடல் நோயும், புண் ஏதுமின்றி நேரும் அஜீரணமும் இவற்றுள் முக்கியமானவை. அவ்வறக்கட்டளை 33 நாடுகளில் 73,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிச் சென்று வினவப்பட்டவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கும், இணையவழி விடையளித்தவர்களுள் ஐவரில் இருவருக்கும் இக்கோளாறுகளுள் ஏதேனும் ஒன்று இருந்தது.

இவற்றுக்குப் பயன்படும் சிகிச்சைகளுள் ஒன்று அறிதுயில். மருந்துக் கடையில் கிடைக்காத இச்சிகிச்சைக்குச் சொல்லே மருந்து. சொல் மருந்தாகுமாயின், அது நோயாளியின் சொந்த மொழியில் அமைய வேண்டும் என்பது மருந்தின் தரத்தைப் பற்றிய கோரிக்கையாகவே கருதப்பட வேண்டும். இதனைக் கோலார் தங்கவயலைப் போலத் தெளிவாக எடுத்துக்காட்டும் ஊர் வேறொன்று காண்பது அரிது.

குடலும் மூளையும்

அச்சம் வந்தால் 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்பதும், கவலை நீங்கினால் 'வயிற்றில் பால் வார்த்தாய்' என்பதும், மனம் நொந்தால் 'வயிறு எரிகிறது' என்பதும் தமிழ் மக்களின் அன்றாடப் பேச்சு. மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்த இவ்வுண்மைக்குச் சோதனைச் சான்று கிடைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1822-இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் துப்பாக்கிக் குண்டு பட்டு, இரைப்பையில் மூடாத துளை ஒன்றுடன் உயிர் பிழைத்தார். அத்துளை வழியே இரைப்பையின் வேலையைப் பல ஆண்டுகள் உற்றுநோக்கிய வில்லியம் பியூமாண்ட் என்னும் படை மருத்துவர், கோபம் முதலிய உணர்ச்சிகள் எழும்போது இரைப்பையின் நிறமும் சுரப்பும் மாறுவதைக் கண்டு 1833-இல் நூலாக வெளியிட்டார்.

குடலின் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் அமைந்து, தனியொரு நரம்பு மண்டலமாகவே இயங்குகின்றன. இதனையும் மூளையையும் இணைக்கும் முக்கிய வழி வேகஸ் நரம்பு. அந்நரம்பிலுள்ள இழைகளுள் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. உடல் நலமாக இருக்கும்போது மூளை இச்செய்திகளுள் பெரும் பகுதியை உணர்வுக்கு எட்டாதபடி அடக்கிவிடுகிறது. இக்கோளாறு உடையவர்களிடத்தில் அவ்வடக்கம் தளர்ந்துவிடுகிறது. மலக்குடலில் சிறிய பலூன் ஒன்றை வைத்துக் காற்றடைத்துச் செய்த சோதனைகளில், இவர்களுள் பலர் பிறரைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே வலியை உணர்ந்தனர்.

வலி அச்சத்தை வளர்க்கிறது. அச்சம் குடலின் அசைவை மாற்றுகிறது. மாறிய அசைவு மீண்டும் வலியைத் தருகிறது. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். மாத்திரையும் உணவு மாற்றமும் பெரும்பாலும் குடலிலிருந்து தொடங்குகின்றன. அறிதுயில் மூளையிலிருந்து தொடங்குகிறது.

பெயரும் வரலாறும்

ஹிப்னாடிசம் என்றவுடன் மேடை வித்தைக்காரர் ஒருவர் சபையோரை ஆட்டுவிக்கும் காட்சியே பலருக்கு நினைவுக்கு வரும். 'மனோவசியம்' என்னும் பழைய மொழிபெயர்ப்பு இவ்வெண்ணத்தை மேலும் உறுதிப்படுத்திவிட்டது. வசியம் என்பது ஒருவர் மற்றவரை அடக்கி ஆளுவதைக் குறிக்கும் சொல். மையும் மந்திரமும் தாயத்தும் அதன் உறவுகள். சிகிச்சைக்கு இப்பெயரைச் சூட்டினால் நோயாளி அஞ்சி ஓடுவதில் வியப்பில்லை. 'அறிதுயில்' என்னும் சொல் இதனினும் பொருத்தமானது. துயில் போன்ற அமைதி உண்டு. ஆயினும் அறிவு விழித்திருக்கிறது. நோயாளி சொல்வதனைத்தையும் கேட்கிறார். விரும்பினால் கண்ணைத் திறந்து எழுந்து போகலாம். கவனம் ஒன்றில் குவிந்து, சுற்றுப்புறம் பின்னுக்குச் செல்லும் அந்நிலையில், இதமான கருத்துரைகளை உடல் எளிதில் ஏற்கிறது என்பதே இதன் அடிப்படை.

இதன் ஆற்றல் செய்பவரிடத்தில் இல்லை, செய்து கொள்பவரிடத்திலேயே உள்ளது என்று முதன்முதலில் அழுத்தமாக வாதிட்டவர் இந்தியாவில் பிறந்த ஒருவர். கோவாவில் காண்டோலிம் என்னும் ஊரில் 1756-இல் பிறந்த பாதிரியார் ஃபாரியா, 1813 முதல் பாரிஸ் நகரில் பொதுமக்கள் முன்னிலையில் இம்முறையைச் செய்துகாட்டினார். மெஸ்மர் என்பவர் உடலிலிருந்து உடலுக்குப் பாயும் காந்தப் பொருள் ஒன்று உண்டு என்று கூறி வந்ததை, லவாய்சியரும் பெஞ்சமின் பிராங்க்ளினும் அங்கம் வகித்த குழு 1784-இலேயே மறுத்திருந்தது. காந்தப் பொருள் இல்லையாயின் விளைவு எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு, கேட்பவரின் கவனமும் நம்பிக்கையுமே காரணம் என்று ஃபாரியா விடை கூறினார்.

1845-இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் அறுவை மருத்துவர், மெஸ்மர் வழிவந்த முறையில் வலியின்றி அறுவை செய்யத் தொடங்கினார். மறு ஆண்டு கல்கத்தாவில் அதற்கெனத் தனி மருத்துவமனையும் ஏற்பட்டது. ஈதரும் குளோரோபாரமும் வந்தபின் அது வழக்கொழிந்தது. எஸ்டெயிலின் முறையில் பேச்சுக்கு இடம் மிகக் குறைவு. உதவியாளர்கள் இருண்ட அறையில் நீண்ட நேரம் மௌனமாகக் கைகளை நோயாளியின் மேல் அசைத்து வந்தனர். ஆகவே நோயாளியின் மொழி யாதாயினும் தடை எழவில்லை. 1840-களில் மான்செஸ்டர் நகரத்து ஜேம்ஸ் பிரெய்ட் 'ஹிப்னாடிசம்' என்னும் பெயரைப் பரப்பிய காலத்திற்குப்பின், கைவீச்சு மறைந்து சொல் அதன் இடத்தைப் பெற்றது. அன்று முதல் மொழி இச்சிகிச்சையின் கருவியாகிவிட்டது. 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதனைத் தக்க சிகிச்சை முறையாக ஏற்றது.

சோதனைகள் காட்டுவது

வயிற்று நோய்க்கு இதனை முறையாகச் சோதித்தவர்களும் மான்செஸ்டர் நகரத்தினரே. பீட்டர் வோர்வெல் என்னும் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத எரிச்சல் குடல் நோயாளிகள் 30 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு அறிதுயில். மறு பிரிவுக்கு ஆறுதல் உரையாடலும் மருந்தற்ற மாத்திரையும். அறிதுயில் பெற்றவர்களின் வலி, உப்புசம், மலப்போக்கு ஆகிய அனைத்தும் மற்றவர்களுடையதைவிட மிகத் தெளிவாகச் சீரடைந்தன. இம்முடிவு 1984-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அதே மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 204 பேரைப் பின்தொடர்ந்து 2003-இல் வெளியிட்ட அறிக்கையில், 71 சதவீதத்தினர் முதலில் பயனடைந்தனர் என்றும், அவர்களுள் 81 சதவீதத்தினருக்கு அப்பயன் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது என்றும் காணப்படுகிறது.

பிற இடங்களில் பெற்ற முடிவுகள் இவ்வளவு பிரகாசமாக இல்லை என்பதையும் கூறவேண்டும். நெதர்லாந்தில் 354 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியான சோதனையில், மூன்று மாத முடிவில் தனியாக அறிதுயில் பெற்றவர்களுள் சுமார் 41 சதவீதத்தினரும், குழுவாகப் பெற்றவர்களுள் 33 சதவீதத்தினரும், விளக்கவுரை மட்டும் பெற்றவர்களுள் 17 சதவீதத்தினரும் போதிய நிவாரணம் கண்டனர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்நிவாரணம் கிட்டவில்லை. ஆயினும் இவ்வேறுபாடு அற்பமானதன்று. பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறி, ஓராண்டு மருந்து உண்டும் குணமடையாதவர்களுக்கு உளவியல் சிகிச்சைகளுள் ஒன்றாக இதனை 2008 முதல் பரிந்துரைக்கிறது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியும் 2021-இல் இத்தகைய சிகிச்சைகளை ஆதரித்தது. சான்றின் தரம் இன்னும் உயர வேண்டும் என்னும் குறிப்பையும் சேர்த்தே கூறியது.

சிறுவர் பற்றிய முடிவுகள் ஆசிரியர்களின் தனிக் கவனத்திற்கு உரியவை. 2007-இல் நெதர்லாந்தில் வெளியான சோதனையில், நெடுநாள் வயிற்று வலியுடைய 53 சிறுவர் சேர்ந்தனர். ஓராண்டுக்குப்பின் அறிதுயில் பெற்றவர்களுள் 85 சதவீதத்தினரும், வழக்கமான மருத்துவம் பெற்றவர்களுள் 25 சதவீதத்தினரும் குணமடைந்திருந்தனர். பின்னர் 260 சிறுவரைக் கொண்ட மற்றொரு சோதனை 2017-இல் வெளியாயிற்று. சிகிச்சையாளரை நேரில் கண்டவர்களுள் 71 சதவீதத்தினர் ஓராண்டில் நலம்பெற, ஒலிப்பதிவை வீட்டிலேயே கேட்டுப் பயின்றவர்களுள் 62 சதவீதத்தினர் நலம்பெற்றனர். நிபுணர்கள் குறைவாக உள்ள நாட்டிற்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்த ஒலிப்பதிவு அச்சிறுவர்களின் தாய்மொழியில் இருந்தது என்பதை மறக்கலாகாது.

தங்கவயலின் நிலை

கர்நாடகத்தின் கிழக்கோரத்தில், ஆந்திர எல்லைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் அருகே அமைந்தது கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கப் பணியில் இறங்கிய காலந்தொட்டு வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்குச் சென்று குடியேறின. மூன்று தலைமுறைக்கும் மேலாகத் தமிழே அத்தொழிலாளர் குடியிருப்புகளின் பேச்சு மொழி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. அழுத்தம் தாளாமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகளும் நேர்ந்தன. 1965-இல் வானிலிருந்து வரும் நியூட்ரினோத் துகளின் சுவடு உலகில் முதன்முறையாகப் பதிவான இடங்களுள் ஒன்றும் இந்த ஆழமே. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அதன்பின் பிழைப்பின் திசை மாறிற்று. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பம் பாதையில் ரயிலேறிச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகின்றனர். உணவு நேரம் தவறுதல், உறக்கம் குறைதல், வருமானத்தைப் பற்றிய கவலை ஆகிய மூன்றும் குடல்-மூளைக் கோளாறுகளை மிகுவிப்பவை. இவ்வாழ்க்கையில் மூன்றும் ஒருங்கே உள்ளன. எரிச்சல் குடல் நோயுடைய ஒருவருக்கு, நெரிசல் மிக்க ரயிலில் வயிறு கலக்கிவிடுமோ என்னும் அச்சமே வயிற்றைக் கலக்கப் போதுமானது. இதனால் காலை உணவைத் தவிர்ப்பவரும், வேலையையே விட்டுவிடுபவரும் உண்டு.

இவ்வூருக்கு மற்றொரு நினைவும் உண்டு. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதலில் அறியப்பட்டது இச்சுரங்கத் தொழிலாளர்களிடத்தில்தான். 1940-களில் நடந்த பரிசோதனைகளில் ஆயிரக்கணக்கானோரின் நுரையீரலில் அதன் தடம் காணப்பட்டது. அந்நோய் எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. தெரிந்ததால் நஷ்டஈடு கோரும் உரிமையும் பிறந்தது. படத்தில் தெரிவதே நோய் என்பதை இவ்வூர் மக்கள் இவ்வாறு கற்றனர். எந்தப் படத்திலும் தெரியாத வயிற்று வலியுடன் வருபவரிடம் "எல்லாம் மனப் பிரமை" என்று கூறினால், பொய்யர் என்று சொன்னதாகவே அவர் எடுத்துக்கொள்வார். எனவே சிகிச்சைக்கு முன்னர் விளக்கம் தேவை. அவ்விளக்கத்தைத் தருவதற்கு 'வயிற்றில் புளி கரைத்தது' என்னும் ஒரு தொடர் போதும். நரம்பியல் பாடத்தில் பாதி அதிலேயே அடங்கியிருக்கிறது.

வாசகம் எவ்வாறு அமைய வேண்டும்

மான்செஸ்டர் முறையில் சிகிச்சையாளர் நோயாளியின் கையை அவர் வயிற்றின்மேல் வைக்கச் செய்து, அங்கே இளஞ்சூடு பரவுவதாக எண்ணச் சொல்கிறார். குடலின் அசைவை அமைதியாக ஓடும் ஆறாகக் கற்பனை செய்யுமாறு கூறுகிறார். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓலாஃபர் பால்சன் வகுத்த முறையில், ஏழு அமர்வுகளுக்கு உரிய வாசகமும் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கப்பட்டுள்ளது. சிகிச்சையாளர் அதனை அவ்வாறே வாசிக்கிறார். எழுதிவைத்த வாசகத்தை மொழிபெயர்க்க இயலும் என்பது நன்மையே. ஆயினும் அகராதியைக் கொண்டு மட்டும் செய்யத் தக்க பணியன்று அது.

முதலாவது, உவமைகள். ஆறு என்றதும் ஐரோப்பியர் மனத்தில் ஆண்டு முழுதும் நீர் நிறைந்த ஓடை தோன்றும். தங்கவயலுக்கு அண்மையில் உள்ள ஆறு பாலாறு. கோலார் பகுதியில் தோன்றி, பேத்தமங்கலம் வழியாகத் தமிழ்நாட்டிற்குள் செல்லும் அவ்வாற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் மணலே காட்சியளிக்கும். மலச்சிக்கல் உள்ளவரிடம் அதனை உவமையாகக் கூறினால் விளைவு எதிர்மாறாகவும் கூடும். தங்கவயலுக்கு நீர் வழங்கிய பேத்தமங்கலம் ஏரியை அனைவரும் அறிவர். மதகைத் திறந்தால் நீர் அளவோடு பாய்வதும், மூடினால் நிற்பதும் பேதிக்கும் சிக்கலுக்கும் ஒருசேரப் பொருந்தும் உவமை.

அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. மேனாட்டு வாசகங்களில் "கீழே இறங்குங்கள், இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக" என்று கூறி மனத்தை அமைதிப்படுத்துவது வழக்கம். படிக்கட்டும் மின்தூக்கியும் அதற்கு உவமையாக வரும். கூண்டிலேறி 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, பாறை வெடிக்கும் ஓசைக்கு அஞ்சி வாழ்ந்த முதியவரிடமோ, அவ்வாறு இறங்கியவர் திரும்பி வருவாரா என்று வாசலில் காத்திருந்த அவர் மனைவியிடமோ அச்சொற்களைக் கூறுவது சரியா? இத்தகையோருக்குக் கூண்டு மேலேறி வருவதும், முகத்தில் காற்றுப் படுவதும், வேலை முடிந்து வீடு நோக்கி நடப்பதும் அமைதியின் உவமைகளாக அமையலாம்.

இரண்டாவது, நடை. "தங்கள் உதரப் பகுதி தளர்வுறுகின்றது" என்று எழுதினால் அது இலக்கணப் பிழையற்ற வாக்கியம், சிகிச்சைக்கு உதவாது. கேட்பவர் அதனைப் பொருள் கொள்ள முயல்வார். முயலும்போது கவனம் கலைந்துவிடும். "வயிறு லேசாகுது, சூடு மெல்லப் பரவுது" என்பதே உடலுக்கு எட்டும் மொழி. தங்கவயல் பேச்சில் கன்னடச் சொற்களும் தெலுங்குச் சொற்களும் கலந்துள்ளன. அவற்றை விலக்கத் தேவையில்லை. வயது முதிர்ந்தவரை 'நீங்கள்' என்றும், சிறுவரை 'நீ' என்றும் அழைக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்வோரும் அவ்வட்டாரத்தவராக இருத்தல் நலம்; வானொலிச் செய்தி வாசிக்கும் குரல் இதற்கு ஏற்றதன்று.

இது மொழிப் பூசலுக்கு உரிய பொருள் அன்று. தங்கவயலில் உள்ள தமிழர் பலர் கன்னடமும் நன்கு அறிவர். அலுவலையும் கல்வியையும் அம்மொழியிலும் நடத்துவர். ஆனால் வலியில் ஒருவர் வாயினின்று எழும் சொல் எம்மொழியோ, அம்மொழியே அவ்வலிக்குரிய மருந்தின் மொழியும் ஆகும். இதே நியாயம் கன்னடத்தாருக்கும் தெலுங்கருக்கும் உருது பேசுவோருக்கும் உரியது.

ஆட்சேபங்கள்

இதற்குப் பயிற்சி பெற்றவர் எங்கே என்பது முதல் ஆட்சேபம். பெங்களூரில் தேசிய மனநல நரம்பியல் நிலையம் உள்ளது. மருத்துவ உளவியலில் தேர்ந்தவர்களை அது பல்லாண்டுகளாக உருவாக்கி வருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவெங்கும் 1996 முதல் பரவியதற்கு முன்மாதிரியாக இருந்ததும் கர்நாடகத்துப் பெல்லாரி மாவட்டமே. ஏழு அமர்வுகளுக்காக ஏழு நாள் கூலியை இழந்து ஒருவர் பெங்களூருக்குப் போய்வருதல் நடவாத காரியம். நிபுணர் மாதம் இருமுறை தாலுகா மருத்துவமனைக்கு வந்து குழுவாகச் சிகிச்சை அளிப்பதும், இடைநாட்களில் நோயாளிகள் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயில்வதும் நடக்கக்கூடியதே. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணில், தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. மனநல உதவி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்னும் கொள்கையை அரசு ஏற்றுவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

போலிகள் பெருகிவிடுவர் என்பது இரண்டாவது ஆட்சேபம். அது நியாயமானது. உரிய பயிற்சி பெற்றோர் மட்டுமே அறிதுயிலைக் கையாளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003-இல் தெரிவித்திருக்கிறது. மேடை வித்தைக்காரரும், ஒரே அமர்வில் எல்லா நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவரும் விலக்கத் தக்கவர்கள். கடும் மனநோய் உடையவர்களுக்கு இம்முறை ஏற்றதன்று என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். பொது மருத்துவமனையில் இது கிடைக்காத வரையில் போலிகளுக்கே ஆதாயம்.

தமிழ் வாசகம் பயன் தரும் என்பதற்கு உறுதி என்ன என்பது மூன்றாவது. எந்த மருந்தையும் சோதித்தே வழங்க வேண்டும். இதற்கும் அவ்விதியே பொருந்தும். குடலியல் மருத்துவர், உளவியலாளர், மொழியறிந்தவர், தங்கவயல் மக்களுள் சிலர் ஆகியோர் கூடி வாசகத்தை அமைத்தல் வேண்டும். அதனை ஒரு பிரிவு நோயாளிகளுக்குக் கூறி, மற்றொரு பிரிவுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். உவமைகள் பற்றி மேலே கூறப்பட்டவையும் அச்சோதனையில் தேறிய பின்னரே நிலைபெற வேண்டும்.

கள ஊழியரும் ஆசிரியரும்

அறிதுயில் அளிப்பது கள ஊழியரின் வேலையன்று. தக்கவரைத் தக்க இடத்திற்கு அனுப்புவதே அவர் வேலை. உடல் மெலிதல், மலத்தில் இரத்தம், இரத்த சோகை, தொடர் காய்ச்சல், விழுங்குவதில் தடை, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி அல்லது பேதி, நடுவயதுக்குப்பின் புதிதாகத் தொடங்கிய உபாதை, குடும்பத்தில் குடற்புற்று ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் முதலில் மருத்துவப் பரிசோதனை நடைபெற்றாக வேண்டும். குடற்காசமும் அமீபாக் கிருமியும் இன்னும் பரவலாக உள்ள நாட்டில் இவ்வரிசையை மாற்றலாகாது. சிலிக்கோசிஸ் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும் ஆதலின், தங்கவயலில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. பரிசோதனையில் குறை ஒன்றும் காணாதவிடத்து, "உமக்கு ஒன்றும் இல்லை" என்பதை விடுத்து, "குடலுக்கும் மூளைக்கும் இடையே செய்தி தவறாகப் போகிறது, இதற்கும் சிகிச்சை உண்டு" என்று கூறுவது ஊழியரின் கடமை.

திங்கட்கிழமை தோறும், தேர்வு தோறும் வயிற்று வலி என்று வரும் மாணவனை ஆசிரியர் அறிவார். அவன் நடிக்கிறான் என்று தண்டிப்பதும், நோயாளி என்று கூறி நெடுநாள் வீட்டிலிருத்துவதும் ஒருங்கே தீங்கானவை. மருத்துவரிடம் காட்டச் செய்து, வலி மெய்யானது என்பதை ஏற்று, பள்ளி வருகை தடைப்படாமல் காப்பதே நலம். இடையில் கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்டால் தயக்கமின்றி அளிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மருத்துவச் சீட்டை எம்மொழியில் எழுதினாலும் மாத்திரை ஒரே விதமாக வேலை செய்யும். இம்மருந்து அவ்வாறன்று, பிறமொழியில் தந்தால் அதன் வீரியம் குறையக்கூடும். கர்நாடகத்து மருத்துவத் துறையும் பெங்களூர் நிபுணர்களும் சேர்ந்து, தங்கவயல் மக்களின் பேச்சில் ஏழு அமர்வுகளுக்கு உரிய வாசகம் ஒன்றை உருவாக்கிச் சோதிப்பது பெரும் பொருட்செலவை வேண்டாத பணி. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில் இறங்கி நாட்டிற்குத் தங்கம் எடுத்துத் தந்த குடும்பங்களுக்கு, அவர்களுடைய சொந்தச் சொல்லில் ஒரு சிகிச்சை கிடைக்கச் செய்வதில் தாமதம் கூடாது.